இலங்கையில் தூக்குத் தண்டனையை மீண்டும் நிறைவேற்ற வேண்டுமா?

சிறுவர்களைக் கொன்றவர்களுக்கும், ஹெரோயின், ஐஸ் (மெத்தம்பெட்டமின்) கடத்துகிறவர்களுக்கும் இலங்கையில் தூக்குத் தண்டனையைத் திரும்பக் கொண்டுவர வேண்டுமா என்பது கேள்வி. வேண்டாம் என்பதே என் பதில். கொலைகாரன் மீதுள்ள இரக்கத்தால் இதைச் சொல்லவில்லை. ஒரு மரண தண்டனை வழக்கு எங்கள் பொலிஸ், நீதிமன்றம், ஜனாதிபதி அலுவலகம் ஆகிய மூன்றையும் கடந்து போகும் விதத்தைப் பார்த்தவர்களுக்கு ஒன்று தெரியும்: கடைசியில் கயிறு விழும் கழுத்து, நாங்கள் கோபத்தில் மனதில் வைத்திருக்கிற கழுத்தாகப் பெரும்பாலும் இருக்காது. அதை விளக்கக் கொஞ்சம் நீளமாகவே எழுத வேண்டியிருக்கிறது.

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிக்கொள்வோம். மரண தண்டனை எங்கள் சட்டத்திலிருந்து இன்னும் நீங்கவில்லை. மேல் நீதிமன்றங்கள் அந்தத் தீர்ப்பை இன்றும் வழங்குகின்றன. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் அந்தத் தீர்ப்போடு சிறைகளில் இருந்திருக்கிறார்கள். நின்றுபோனது நிறைவேற்றம் மட்டுமே. கொழும்பு வெலிக்கடைச் சிறையில் கடைசியாக ஒருவர் தூக்கிலிடப்பட்டது 1976 ஜூன் 23ஆம் திகதி. அதன்பின் வந்த எந்த ஜனாதிபதியின் காலத்திலும் யாரும் தூக்கிலிடப்படவில்லை. ஆகவே இதற்குப் புதிய சட்டம் தேவையில்லை. ஜனாதிபதி நாளும் இடமும் குறித்துக் கையொப்பம் வைத்தால் போதும். இந்தப் பேச்சை இலேசாக எடுத்துக்கொள்ள முடியாததற்கு அதுவே காரணம்.

எந்தக் குற்றத்துக்கு என்ன தண்டனை என்பதையும் பார்ப்போம். தண்டனைச் சட்டக் கோவையின் 296ஆம் பிரிவின்படி கொலைக்கு மரண தண்டனை கட்டாயம். குற்றவாளி என்று கண்டதும் நீதிபதிக்கு வேறு தெரிவே கிடையாது. 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் மட்டும் விலக்கு உண்டு. இந்தியாவில் 1980இல் பச்சன் சிங் வழக்குக்குப் பிறகு ‘அரிதிலும் அரிதான’ வழக்குகளில் மட்டுமே தூக்கு என்ற விதி வந்தது. அங்கே நீதிபதி குற்றவாளியின் வயது, பின்னணி, திருந்தும் வாய்ப்பு எல்லாவற்றையும் எடைபோட்டாக வேண்டும். எங்கள் நாட்டில் அப்படி ஒரு தராசே இல்லை. திட்டமிட்டுப் பத்துப் பேரைக் கொன்றவனுக்கும், காணிச் சண்டையில் மண்வெட்டியால் ஒரே அடி அடித்தவனுக்கும், அந்த அடி சட்டத்தின் பார்வையில் கொலை என்று முடிந்துவிட்டால், ஒரே தீர்ப்புத்தான். அதோடு 32ஆம் பிரிவின் ‘பொது எண்ணம்’ சேர்ந்துகொண்டால், கொள்ளைக்குக் கூடப் போனவனும் கத்தி பிடித்தவனோடு சேர்ந்து தூக்குக்கு உரியவனாகலாம்.

போதைப்பொருளுக்கு வேறு சட்டம். நச்சு, அபின், அபாயகர ஔடதங்கள் கட்டளைச் சட்டத்தில் 1984இல் செய்த திருத்தப்படி 2 கிராம் அல்லது அதற்கு மேற்பட்ட ஹெரோயினுக்கு மரண தண்டனை அல்லது ஆயுள் தண்டனை. 2022இல் ஐஸுக்கும் அதே தண்டனை வந்தது. அங்கே எல்லை 5 கிராம். 2 கிராம் எவ்வளவு என்று தெரிய வேண்டுமானால் தேநீர்க் கரண்டியில் பாதிக்குச் சீனி அள்ளிப் பாருங்கள். பிடிபட்ட தூளில் கலப்படம் போக எத்தனை கிராம் உண்மையான ஹெரோயின் என்பதை அரச பகுப்பாய்வாளர் திணைக்களம் சொல்கிறது. அதிகாரி பொதியை எங்கே எடைபோட்டார், எப்போது முத்திரை வைத்தார், பொலிஸ் நிலையத்தில் யாரிடம் கொடுத்தார், பகுப்பாய்வாளர் வாங்கும்போது முத்திரை குலையாமல் இருந்ததா என்று கைக்குக் கை போன வழி முழுவதும் நிரூபிக்கப்பட வேண்டும். அதில் ஒரு கை தவறினாலும் வழக்கு ஆட்டம் காணும். தவறியது கண்ணில் படாமல் போனால் ஓர் உயிர் போகும். ஒரு கிராமின் பின்னத்தில் ஆயுளும் தூக்கும் தீர்மானமாகிற சட்டத்தில் இது சின்ன விஷயமில்லை.

எங்கள் விசாரணைகள் எப்படி நடக்கின்றன என்பதற்கு 2015 செப்டெம்பரில் கொட்டதெனியாவவில் நடந்ததை விட நல்ல பாடம் கிடையாது. ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தி இரவில் வீட்டிலிருந்து தூக்கிச் செல்லப்பட்டுக் கொல்லப்பட்டாள். நாடே கொதித்தது. தூக்கு வேண்டும் என்று தெருவெல்லாம் பதாகைகள். பொலிஸ் முதலில் 17 வயதுப் பாடசாலை மாணவன் ஒருவனையும் இரண்டு பிள்ளைகளின் தந்தை ஒருவரையும் பிடித்தது. தங்களை அடித்தார்கள் என்று பின்னர் அவர்கள் முறையிட்டார்கள். மரபணுப் பரிசோதனையில் இருவருக்கும் தொடர்பில்லை என்று தெரிந்தது. அடுத்து ஊரில் ‘கொண்டயா’ என்று அழைக்கப்பட்ட ஒருவர் பிடிபட்டார். அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டுவிட்டார் என்று பொலிஸ் அறிவித்தது. ஊடகங்கள் வழக்கை முடித்தே வைத்துவிட்டன. மரபணு அவருடையதும் இல்லை. கடைசியில் பொருந்தியது அவருடைய சகோதரனின் மரபணு. அந்தச் சகோதரனுக்கே 2016 மார்ச்சில் நீர்கொழும்பு மேல் நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது.

இதை மெதுவாக யோசித்துப் பாருங்கள். ஒரே கொலைக்கு மூன்று பேர் வரிசையாகத் தவறாகப் பிடிபட்டார்கள். அவர்களில் ஒருவர் ‘ஒப்புக்கொண்டும்’ இருந்தார். மூவரையும் காப்பாற்றியது ஆய்வுகூடம். நாடு முழுவதும் பார்த்துக்கொண்டிருந்த வழக்கு என்பதால் அந்த ஆய்வு விரைவாக நடந்தது. பத்திரிகையில் இரண்டு வரிச் செய்தியாக மட்டும் வரும் கொலைகளில் அந்த வேகத்தை யாரும் எதிர்பார்க்க முடியாது. பல கொலைகளில் மரபணுத் தடயமே இருக்காது. நேரில் கண்ட சாட்சியும், அடையாள அணிவகுப்பும், சந்தேகநபர் காட்டிக்கொடுத்ததாகச் சொல்லப்படும் கத்தியும்தான் இருக்கும். சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 25ஆம் பிரிவு பொலிஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தை ஏற்பதில்லை என்பது உண்மை. ஆனால் 27ஆம் பிரிவு பக்கக் கதவைத் திறந்து வைத்திருக்கிறது: அந்த வாக்குமூலத்தால் ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால் அதற்குரிய பகுதி சான்றாக உள்ளே வந்துவிடும். பயங்கரவாதத் தடைச் சட்டமோ உதவிப் பொலிஸ் அத்தியட்சர் தரத்துக்குக் குறையாத அதிகாரியிடம் கொடுத்த வாக்குமூலத்தையே சான்றாக ஏற்கிறது. அது வற்புறுத்தி வாங்கியது என்று நிரூபிக்கும் சுமையைச் சந்தேகநபரின் தலையில் வைக்கிறது. இந்தச் சட்டத்தின் கீழ் விளக்கமறியலில் பல ஆண்டுகள் கிடந்த தமிழ் இளைஞர்களின் குடும்பங்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை.

அடுத்தது, தீர்ப்புக்குப் பிறகு நடப்பது. இந்தப் பகுதியை நம்மில் பலர் கவனிப்பதில்லை. அரசியலமைப்பின் 34ஆம் உறுப்புரைப்படி மரண தண்டனை விதித்த நீதிபதி ஜனாதிபதிக்கு ஓர் அறிக்கை அனுப்ப வேண்டும். அதைப் பார்த்துச் சட்டமா அதிபர் ஆலோசனை சொல்ல வேண்டும். நீதியமைச்சர் தன் பரிந்துரையைச் சேர்க்க வேண்டும். அதன்பின் முடிவு ஒரே ஒரு மனிதரின் மேசையில். அந்த மேசையிலிருந்து இறங்கிய மன்னிப்புகளைப் பாருங்கள்.

2000 டிசம்பரில் யாழ்ப்பாண மாவட்டத்து மிருசுவிலில், விட்டுப்போன வீடுகளைப் பார்க்கத் திரும்பிய இடம்பெயர்ந்த தமிழர் எட்டுப் பேர், சிறுவர்கள் உட்பட, கழுத்தறுத்துக் கொல்லப்பட்டார்கள். தப்பி ஓடிய ஒருவரின் சாட்சியத்தால்தான் அது வெளியே வந்தது. 2015 ஜூனில் கொழும்பில் ட்ரயல் அட் பார் (ஜூரி இல்லாமல் மூன்று நீதிபதிகள் சேர்ந்து நடத்தும்) விசாரணையில் இராணுவத்தின் ஸ்டாஃப் சார்ஜன்ட் ஒருவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது, மற்றவர்கள் விடுதலையானார்கள். 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை உறுதிசெய்தது. 2020 மார்ச்சில், நாடு கொரோனாவில் மூடிக்கிடந்தபோது, ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ஷ அவருக்கு மன்னிப்பு அளித்து வெளியே விட்டார். அதே ஜனாதிபதி 2021 ஜூனில் முன்னாள் பாராளுமன்ற உறுப்பினர் துமிந்த சில்வாவுக்கும் மன்னிப்பு அளித்தார். அரசியல்வாதி பாரத லக்ஷ்மன் பிரேமச்சந்திர கொலையில் அவருக்கு விதித்த மரண தண்டனையை உயர் நீதிமன்றம் 2018இல் உறுதிசெய்திருந்தது. வெளியே வந்த சில வாரங்களில் அவர் தேசிய வீடமைப்பு அதிகாரசபையின் தலைவரானார். அந்த மன்னிப்பை உயர் நீதிமன்றம் 2024 ஜனவரியில் ரத்துச் செய்தது.

மூன்றாவதைச் சொல்லும்போது எனக்கு இன்றும் கோபம் வருகிறது. 2019 ஜூன் 26ஆம் திகதி, நான்கு போதைப்பொருள் குற்றவாளிகளைத் தூக்கிலிடக் கையொப்பமிட்டுவிட்டதாக ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன அறிவித்தார். உயர் நீதிமன்றம் ஜூலை 5ஆம் திகதி அதற்கு இடைக்காலத் தடை விதித்ததால் அந்த நால்வரும் பிழைத்தார்கள். அதே சிறிசேன, அதே ஆண்டு நவம்பரில், பதவி முடிய ஒரு வாரம் இருக்கையில், ராஜகிரிய ரோயல் பார்க் மாடிக்குடியிருப்பில் 2005இல் ஓர் இளம்பெண்ணைக் கொன்றதற்காக மரண தண்டனை பெற்றிருந்த வசதியான குடும்பத்து இளைஞனுக்கு மன்னிப்பு அளித்தார். அந்த மன்னிப்பும் செல்லாது என்று 2024 ஜூனில் தீர்ப்பு வந்தது. அவரோ அதற்கு வெகு முன்பே வெளிநாடு போய்விட்டார். ஐந்து மாத இடைவெளியில் ஒரே பேனா நான்கு பேருக்குக் கயிறும் ஒருவருக்குக் கதவும் திறந்தது. இவர்களைப் பிரித்தது குற்றத்தின் கொடுமையா, அவரவருக்கு இருந்த ஆள்பலமா? தூக்கு திரும்பினால் மிருசுவில் சார்ஜன்ட் மேடை ஏறியிருப்பார் என்று நம்புகிற தமிழர் யாராவது இருக்கிறார்களா?

குற்றம் குறையும் என்ற வாதத்துக்கு வருகிறேன். எங்கள் நாட்டிலேயே இதற்கு ஒரு பழைய அனுபவம் உண்டு. பிரதமர் பண்டாரநாயக்கவின் அரசாங்கம் 1958ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தால் மரண தண்டனையை இடைநிறுத்தியது. அதை ஆராயக் குற்றவியல் அறிஞர் நோர்வல் மொரிஸ் தலைமையில் அமைந்த ஆணைக்குழு, இடைநிறுத்தம் தொடரட்டும் என்றே பரிந்துரைத்தது. ஆனால் 1959 செப்டெம்பர் 25இல் பண்டாரநாயக்கவே சுடப்பட்டார். அந்த அதிர்ச்சியில் அதே ஆண்டு இறுதிக்குள் மரண தண்டனை திரும்ப வந்தது. நடந்துமுடிந்த கொலைக்கும் செல்லுபடியாகும்படி, பின்னோக்கி எழுதிய சட்டம். அந்த அவசரத்தில் ஓர் ஓட்டை விழுந்தது. பின்னோக்கிய பிரிவு கொலையை உள்ளடக்கியது. கொலைச் சதியை உள்ளடக்கவில்லை. அதனால் துப்பாக்கி பிடித்த தல்துவே சோமராம 1962 ஜூலையில் தூக்கில் தொங்கினார். சதியின் மூளை என்று தீர்ப்பில் கண்ட புத்தரக்கித தேரருக்கு மேன்முறையீட்டில் ஆயுள் தண்டனை. கோபத்தில் சட்டம் எழுதினால் ஏவியவன் தப்பி ஏவப்பட்டவன் மாட்டுவான் என்பதற்கு இதைவிடச் சான்று தேட வேண்டியதில்லை.

‘சிங்கப்பூரைப் பார்’ என்பார்கள். பார்ப்போம். சிங்கப்பூர் 1990களில் ஏராளமானோரைத் தூக்கிலிட்டது. அளவிலும் வாழ்க்கைத் தரத்திலும் அதைப் போன்ற இன்னொரு துறைமுக நகரம் ஹொங்கொங். அங்கே 1966க்குப் பிறகு யாரும் தூக்கிலிடப்படவில்லை, 1993இல் தண்டனையே ஒழிந்தது. இரண்டு நகரங்களின் கொலை வீதங்களைப் பல தசாப்தங்களுக்கு ஒப்பிட்ட ஆய்வாளர்கள், இரண்டும் ஏறக்குறைய ஒரே பாதையில் இறங்கியதைக் கண்டார்கள். அமெரிக்காவின் தேசிய ஆய்வுக் கவுன்சில் 2012இல் அதுவரை வந்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தது. மரண தண்டனை கொலைகளைக் குறைக்கிறதா, கூட்டுகிறதா, மாற்றமே இல்லையா என்று சொல்ல அவற்றில் எதுவும் உதவாது என்ற முடிவுக்கு வந்தது. கனடா 1976இல் ஒழித்தது. அங்கே கொலை வீதம் எகிறவில்லை, காலப்போக்கில் குறைந்தது.

போதைப்பொருளில் இந்த வாதம் இன்னும் பலவீனம். ஆழ்கடலில் படகு மாற்றிச் சரக்கை அனுப்புகிறவன் வெளிநாட்டில் இருந்து தொலைபேசியில் பேசுகிறான். பிடிபடுவது படகோட்டி, பொதி சுமப்பவன், தன் பாவனைக்கே விற்கிற இளைஞன். ஒருவன் போனால் அந்த இடத்துக்கு அடுத்த நாளே வேறொருவன் கிடைப்பான். 2018இல் அரசாங்கம் சொன்ன காரணத்தையே எடுங்கள்: தண்டனை பெற்றவர்கள் சிறைக்குள் இருந்தபடியே வியாபாரம் நடத்துகிறார்கள். அப்படியானால் குறை எங்கே? கைத்தொலைபேசி உள்ளே போகும் வழியில், சிறைக்காவலரின் சம்பளத்தில், அலைத்தடுப்பு வேலை செய்யாத கட்டடத்தில். அதைத் திருத்தாமல் கைதியைக் கொன்றால் தொலைபேசி அடுத்த கைதியின் கைக்குப் போகும்.

நிறைவேற்றுவது என்றால் நடைமுறையில் என்ன என்பதையும் சொல்ல வேண்டும். மேடையில் ஏற்றி நெம்புகோலை இழுத்தால் முடிந்தது என்று நினைக்கிறோம். நாங்கள் பிரித்தானியரிடமிருந்து பெற்றது ‘நீண்ட வீழ்ச்சி’ முறை. உடல் குறிப்பிட்ட உயரம் விழுந்து, கயிறு இறுகும் கணத்தில் கழுத்தெலும்பு முறிந்து நினைவு அற்றுப்போக வேண்டும். அதற்கு 1913இன் பிரித்தானிய அட்டவணை 1000ஐ உடல் எடையால், இறாத்தல் கணக்கில், வகுத்து வீழ்ச்சியை அடியில் சொல்கிறது. 70 கிலோ மனிதனுக்கு ஆறரை அடி, 90 கிலோவுக்கு ஐந்தடி. கயிறு புதிதாக இருந்தால் நீளும் என்பதால் அதே எடை மணல் மூட்டையை முதல்நாள் இரவு தொங்கவிட்டு இழுவை எடுக்க வேண்டும். முடிச்சு இடது தாடைக்குக் கீழே நிற்க வேண்டும். பின்கழுத்துக்கு நழுவினால் எலும்பு முறியாது. வீழ்ச்சி குறைந்தால் மனிதன் நிமிடக் கணக்கில் மூச்சுத் திணறிச் சாவான். கூடினால் தலை துண்டாகும். 2007 ஜனவரியில் ஈராக்கில் முன்னாள் ஜனாதிபதி சதாம் ஹுசைனின் தாய்வழிச் சகோதரருக்கு அதுதான் நடந்தது.

இதைச் செய்து பார்த்த ஒருவரும் இன்று எங்கள் சிறைச்சாலைகள் திணைக்களத்தில் சேவையில் இல்லை. 2014இல் அலுகோசு (தூக்கிலிடுபவர்) வேலைக்குச் சேர்ந்த ஒருவர், பயிற்சியில் தூக்குமேடையை முதல்முறை பார்த்ததும் வேலையை விட்டுப் போய்விட்டார். 2019 பெப்ரவரியில் மீண்டும் விளம்பரம் வந்தது: 18 முதல் 45 வயதுக்குட்பட்ட ஆண், நல்லொழுக்கம், மனத்திடம், மாதம் 36,310 ரூபா. நூற்றுக்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்தார்கள். ஓர் அரசாங்கம் மாதச் சம்பளத்துக்கு ஆள் எடுத்து, மணல் மூட்டையில் பழக்கி, முதல் மனிதனிடம் அனுப்பும் காட்சியைக் கண்ணை மூடாமல் பார்த்துவிட்டுத்தான் இதற்கு ஆம் சொல்ல வேண்டும். அந்த மேடை நிற்பதும் வெலிக்கடையில். 1983 ஜூலையில் இரண்டே நாட்களில் 53 தமிழ்க் கைதிகள் அடித்துக் கொல்லப்பட்ட அதே சிறை. அவர்களில் குட்டிமணியும் ஜெகனும் ஏற்கெனவே மரண தண்டனை விதிக்கப்பட்டவர்கள்.

வெளியுறவில் வரும் விளைவுகள் சுருக்கமாக. குடியியல், அரசியல் உரிமைகள் உடன்படிக்கையில் இலங்கை 1980இல் சேர்ந்தது. அதன் 6ஆம் உறுப்புரை ‘மிகக் கடுமையான குற்றங்களுக்கு’ மட்டுமே மரண தண்டனையை அனுமதிக்கிறது. போதைப்பொருள் குற்றம் அந்த வகையில் வராது என்று ஐநா மனித உரிமைகள் குழு சொல்லியிருக்கிறது. ஜிஎஸ்பி பிளஸ் வரிச்சலுகை பறிபோகலாம் என்று 2019இல் ஐரோப்பிய ஒன்றியம் எச்சரித்தது. அடி விழுவது ஆடைத் தொழிற்சாலைப் பெண்களின் வேலையில். மரண தண்டனையை ஒழித்த நாடுகள், தூக்கிலிட மாட்டோம் என்ற உறுதி இல்லாமல் சந்தேகநபரை ஒப்படைப்பதில்லை. வெளிநாட்டில் பதுங்கியிருக்கும் பெரும்புள்ளிக்கு நாங்களே பாதுகாப்புக் கொடுத்தது போலாகும். இன்னொன்றும் இருக்கிறது. மூதூரிலிருந்து வயதைக் கூட்டிப் போட்ட கடவுச்சீட்டோடு சவூதிக்குப் போன பணிப்பெண்ணை, பார்த்துக்கொண்டிருந்த குழந்தையைக் கொன்றதாகச் சொல்லி, 2013 ஜனவரியில் அங்கே தலைவெட்டிக் கொன்றார்கள். அந்தக் குழந்தை இறந்த நேரத்தில் அவளுக்கு 17 வயது. அவளுக்காக எங்கள் அரசாங்கமே கருணை கேட்டது. உள்ளூரில் கயிறு முடிந்துகொண்டு அடுத்த முறை எந்த வாயால் கேட்கும்?

சரி, பிள்ளையை இழந்த தாய்க்கு என்ன பதில்? 2015 மே மாதம் புங்குடுதீவு மாணவியின் கொலைக்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் தெருவில் இறங்கியவர்களின் கோபம் நியாயமானது. அந்த வழக்கில் ட்ரயல் அட் பார் அமைத்து 2017 செப்டெம்பரில், இரண்டரை ஆண்டுக்குள், ஏழு பேருக்குத் தீர்ப்பு வந்தது. மிருசுவிலில் அதே முதல் தீர்ப்புக்குப் பதினான்கரை ஆண்டுகள் ஆனது. குற்றம் செய்கிறவனைத் தயங்க வைப்பது இந்த இடைவெளியைச் சுருக்குவதுதான்.

செய்ய வேண்டியவை சொல்லக்கூடிய அளவில் இருக்கின்றன. 296ஆம் பிரிவின் கட்டாயத்தை நீக்கி, தண்டனையை நிறுக்கும் அதிகாரத்தை நீதிபதிக்குக் கொடுக்க வேண்டும். மிகக் கொடிய கொலைகளுக்கு, வெசாக் தினப் பொதுமன்னிப்பில் நாள் குறையாத ஆயுள் தண்டனை வேண்டும்; குறைந்தது எத்தனை ஆண்டுகள் என்று தீர்ப்பிலேயே எழுத வேண்டும். 34ஆம் உறுப்புரையின் கீழ் வரும் மூன்று அறிக்கைகளையும் மன்னிப்புக்கான காரணத்தையும் வர்த்தமானியில் வெளியிட வேண்டும். கையொப்பத்துக்கு முன் பாதிக்கப்பட்ட குடும்பத்தின் பேச்சைக் கேட்க வேண்டும். அரச பகுப்பாய்வாளர் திணைக்களத்துக்கு ஆளும் இயந்திரமும் கூட்டி, மரபணு அறிக்கை எல்லாக் கொலைக்கும் கொட்டதெனியாவவில் வந்த வேகத்தில் வர வேண்டும். சாட்சிகளைப் பாதுகாக்க 2015இல் ஒரு சட்டம் வந்தது, 2023இல் அதற்குப் பதிலாக இன்னொன்று வந்தது. அதற்குப் பணமும் பயிற்சி பெற்ற ஆளும் வேண்டும். மிருசுவிலில் காயங்களோடு தப்பி வந்து, பல ஆண்டுகள் கழித்தும் கொழும்பு நீதிமன்றத்தில் நின்று ஆளை அடையாளம் காட்டியவர் போன்ற சாட்சிகளை நம்பித்தான் எந்தக் கொலை வழக்கும் நிற்கிறது. அவர் அடையாளம் காட்டியவருக்குக் கிடைத்த மன்னிப்பை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் மனுக்கள் தாக்கலாயின. தூக்குக் கேட்டுப் பதாகை பிடிக்கிற கைகள் அந்த மனுக்களுக்குப் பின்னாலும் நிற்க வேண்டும்.